சூடு குறைந்த ஹீட்டர்

"சாமி, என் தங்கச்சி மேல இருந்த பாசம் செத்துப்போச்சுங்க" என்று மடத்துக் குருவிடம் சொன்னாள் வேதவல்லி. "முன்னெல்லாம் நெனச்சாலே அழுகை வரும். இப்ப அதுவும் வரதில்ல."

அம்மாவின் காரியத்தன்று இருவருக்கும் வாய்த்தகராறு. அன்றோடு பேச்சு நின்றது. அவள் முதலில் பேசட்டும் என்று இவள் கோத்தகிரி மடத்தில் காத்திருந்தாள். இவள் பேசட்டும் என்று அவள் திருப்பூரில் காத்திருப்பாள். ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம் வேறு எப்படி இருக்கும்?

குரு இவளைவிட வயதில் இளையவர். குளிர் தாங்கமாட்டார். ஞானிக்குக் குளிருமா என்று கேட்பவர்கள் மார்கழியில் கோத்தகிரிக்கு வந்து பார்க்கட்டும்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி, மூலையில் இருந்த ஹீட்டரைக் காட்டினார்.

"இதுல இப்பச் சூடே வரலம்மா. தூக்கிப் போட்டுடலாமா?"

மனசைத் திறந்து சொன்னால் இந்த மனிதருக்கு ஹீட்டர் கவலை என்று வேதவல்லிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குன்னூரில் மின்சாமான் கடை நடத்தியவள், கை சும்மா இருக்குமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டரைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்க வலை முழுக்கத் தூசு அப்பியிருந்தது.

"காத்து உள்ள போக வழியில்லைங்க. இதுக்குள்ள பீங்கான் பில்லை இருக்கு. கரண்டுல அது காயும். ஃபேன் காத்தை இழுத்து அதுமேல விடும். அந்தக் காத்துதான் சூட்டை வெளிய கொண்டுவரணும்."

"வெளிய வராட்டி? பில்லை காஞ்சு காஞ்சு எரிஞ்சு போயிருமே?"

"போகாதுங்க. சூடு வெளிய போகலைன்னா, அது வாங்கற கரண்டை அதுவே குறைச்சுக்கும். நாமதான் சூடு செத்துப்போச்சுன்னு..."

வேதவல்லி பாதியில் நிறுத்தினாள்.

குரு கேட்டார்.

"அப்ப பில்லை கெட்டுப்போகல?"

"இல்லைங்க."

அவளுக்குத் தங்கையின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது, இப்போதே, இந்த நிமிஷமே. கையில் ஒட்டிய தூசைக்கூடத் தட்டாமல் செல்போனை எடுத்தாள்.

முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அங்க ரொம்பக் குளிருமேக்கா" என்றாள் தங்கை.