கேள்வித்தாளைத் தின்ற குட்டிகள்

வாகை மரத்தடியில் செம்பி என்ற வெள்ளாடு பள்ளிக்கூடம் நடத்தியது. பன்னிரண்டு ஆட்டுக்குட்டிகள் கல்லைத் தாண்டித் தாண்டி அங்கே எண்ணப் பழகின.

ஒருநாள் காட்டரசன் சிங்கம் ஆணை போட்டது. "குட்டிகள் எல்லாம் கணக்குப் பரீட்சை எழுத வேண்டும்! எழுதாத பள்ளியை இழுத்து மூடுங்கள்!"

பரீட்சை அதிகாரியாகக் கரடி வந்தது. மெத்தப் படித்த கரடிதான், பாவம்! ஆனால் கேள்விகளைப் பலா இலையிலா எழுதுவது? அதுவும் ஆடுகளுக்கு?

பன்னிரண்டு இலைகளையும் கீழே வைத்துவிட்டு, "ஆளுக்கு ஒன்று! யாரும் பேசக் கூடாது!" என்று அதட்டியது. குட்டிகள் பேசவே இல்லை. வாய்க்கு வேறு வேலை இருந்தது.

ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுக் கரடி திரும்பியபோது காம்புகள் மட்டுமே கிடந்தன.

"கேள்வித்தாள் எங்கே?"

"ரொம்ப ருசியா இருந்துச்சு ஐயா!"

"பள்ளியை மூடு!" என்று கரடி உறுமியது.

செம்பி ஓடிவந்து கரடியின் முன் நின்றது. "பச்சைப் பிள்ளைங்க ஐயா! பள்ளிக்கூடத்தை மூடிட்டா இதுங்க எங்க போகும்?"

அப்போது எல்லாரிலும் சிறியவனான மறையன் ஓவென்று அழுதான். "எனக்கு இலையே கிடைக்கல!"

"பொய்! ஆளுக்கு ஒன்று வைத்தேனே!" என்றது கரடி.

மறையன் மூக்கை உறிஞ்சியபடி காம்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினான். "காம்பு பன்னிரண்டு. நாங்களும் பன்னிரண்டு பேர். எனக்கு இல்லேன்னா யாரோ ரெண்டு தின்னிருக்காங்க!"

எல்லாரும் குட்டிகளிலேயே பெரியவனான கொம்பனைப் பார்த்தார்கள். கொம்பன் ஏப்பம் விட்டான்.

கரடி தன் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தது. 'பன்னிரண்டு இலை, பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒன்று.' அதற்கும் மேலே அல்லவா இந்தப் பொடியன் கண்டுபிடித்துவிட்டான்! கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த விடைத்தாளும் பலா இலைதான். அதை மறையனுக்கே கொடுத்தது.

"இப்பவும் கொம்பனுக்கு ஒண்ணு அதிகம்!" என்றான் மறையன், மென்றுகொண்டே.

கரடி சிங்கத்திடம் ஓடியது. "அரசே, ஆணையை மாற்றுங்கள்! சின்னதுகளுக்கு எழுத்துப் பரீட்சை வேண்டாம். இலையைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்!"

"சரி, கேள்வித்தாள்கள் எங்கே?"

"செரித்துவிட்டன, அரசே!"

சிங்கம் பிடரி குலுங்கச் சிரித்தது. ஆணை மாறியது, பள்ளி பிழைத்தது. செம்பி நாலு காலும் தரையில் படாமல் குதித்தது. "அடுத்த பரீட்சை எப்போ ஐயா?" என்று கொம்பன் தினமும் கேட்கத் தொடங்கினான்.

சின்னப் பிள்ளையின் கணக்கறிவை அளக்க விரும்புகிறவர், அது எண்ணிப் பங்கு போடும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.