யாரும் தோண்டாத கிழங்கு

“ஆறு வருஷமா யாரும் தொடவே இல்லை. அப்புறம் ஏன் குறையுது?” என்று கேட்டார் கோதண்டபாணி.

அவர் காட்டு ஆராய்ச்சியாளர். மேற்குச் சரிவில் இருந்த பதினாறு குடும்பங்களையும் அடிவாரத்துக்கு இறக்கிவிடலாம் என்று அறிக்கை எழுதியவர். ஆள் போனால் காட்டு வள்ளிக்கிழங்கு பெருகும் என்று அதில் இருந்தது. இப்போது ஒவ்வொரு வருஷமும் கொடிகளை எண்ணிப் பார்க்கிறார். பாதிகூடத் தேறவில்லை.

வெள்ளச்சி அந்தக் குடும்பங்களில் பிறந்தவள். அவரைவிட இருபது வயது சின்னவள். வனத்துறையில் காட்டைக் காக்கும் வாட்சர் வேலை கிடைத்ததால் அவள் ஒருத்திக்கு மட்டும் மேலே தங்க அனுமதி.

“பன்றியா, மழையா? உனக்குத் தெரியும். எனக்குக் கத்துக்கொடு.”

“வாயால சொல்ற விஷயம் இல்ல சார். நோட்டை இங்கயே வச்சுட்டு வாங்க.”

சரிவில் ஒரு கொடியைக் காட்டினாள். கூர் சீவிய கம்பை அவர் கையில் கொடுத்தாள்.

“தோண்டுங்க.”

மண் இறுகிக் கிடந்தது. அரை மணி நேரத்தில் அவர் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவள் உதவிக்கு வரவில்லை.

கடைசியில் வெளியே வந்த கிழங்கு விரல் தடிமன்தான். நாரோடியிருந்தது.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“முன்னாடி?”

அவள் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

“முன்னாடி இந்தச் சரிவுல யார் சார் தோண்டினது?”

“நீங்கதான்.”

“வருஷா வருஷம்?”

“வருஷா வருஷம்” என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

வெள்ளச்சி கிழங்கின் தலையைக் கொடியோடு நறுக்கி, அந்தக் குழியிலேயே வைத்தாள். பொலபொலவென்று உதிர்ந்து கிடந்த மண்ணைத் தள்ளி மூடினாள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, எதிர்ச் சரிவைப் பார்த்துக் கூவினாள்.

“மாதி அத்தே, இங்க எடுத்தாச்சு. தலை வச்சாச்சு.”

அவள் குரல் பாறையில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.

“என்ன வெள்ளச்சி?”

“அங்க தோண்டுறவங்ககிட்டேருந்து பதில் வரணும் சார். கேட்டாச்சுன்னு சொல்லுவாங்க, யாரு கேட்டதுன்னு பேரும் சொல்லுவாங்க. அப்பத்தான் ரெண்டு வருஷத்துக்கு இந்தக் கொடிய யாரும் தொட மாட்டாங்க. கிழங்கு ஊறிப் பருக்கும்.”

“மாதி அத்தை இப்போ?”

“கீழ காலனியில.”

“நீயாவது தோண்டியிருக்கலாமே.”

“கேக்க ஆளில்லாம எப்படி சார் தோண்டுறது?”

வெயில் ஏறியது. எதிர்ச் சரிவில் ஒரு கிளைகூட அசையவில்லை. அவள் கை மண்ணிலேயே இருந்தது.

கோதண்டபாணி எழுந்தார். பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவில் ஏறினார். மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கியது. அங்கிருந்து பார்த்தால் வெள்ளச்சி ஒரு புள்ளி.

வாயருகே கையைக் குவித்துக்கொண்டார்.

“கேட்டாச்சு.”



“யாரு அது?” என்று அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளச்சி கேட்டாள்.

தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தவர், அந்த அறிக்கையின் அடியிலும் அதே பேர் இருப்பது நினைவுக்கு வர, அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.