விடை: பூனை

திரவியம் ரோப் கார் கம்பெனி இன்ஜினியர், தலை நரைத்தவர். எக்ஸ், ஒய்யை அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போடும் கணினி மொழி ஒன்றை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் எழிலி. அவளுக்கு அவர் மகள் வயசுதான். அதனால் என்ன? குரு குருதான்.

அன்று மத்தியானம் லேப்டாப்பும் கையுமாக அவளிடம் ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், காலையிலேருந்து மலைக்கோயில்ல காத்து ஆளைத் தூக்குது. என் சம்சாரம் மேல இருக்கா. ரோப் கார்லதான் இறங்கப்போறா. காத்து வேகத்தைக் கொடுத்தா பிரேக்குல மிச்ச பலம் எவ்வளவுன்னு சொல்ற குட்டி புரோகிராம், அந்த புரொசீஜர், நான் எழுதுனது. அடுத்த புரொசீஜர் அதை வர்க்கம் பண்ணி வாங்கிக்கும். மைனஸ் வந்தாக்கூட பிளஸ்ஸாயிடும், வெளியே தெரியாது."

"மைனஸ் வருமா?"

"வராது. 'திருப்பித் தருவது நேர் எண்'னு தலைப்பு வரியிலேயே எழுதியிருக்கேன். தப்பா வந்தா மெஷின் கணக்கை நிறுத்திடும்ல? இதுவரைக்கும் ஒரு தரம்கூட நின்னதில்ல."

எழிலி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். குட்டியாக ஒரு புரொசீஜர் எழுதினாள். தலைப்பில் 'திருப்பித் தருவது முழு எண்' என்று போட்டாள். உள்ளே 'பூனை' என்று ஒரே சொல். ஓட்டினாள்.

பூனை என்று விடை வந்தது. மெஷின் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் கொடுத்தது.

திரவியம் தலைப்பு வரியைச் சுட்டிக் காட்டினார். "ஐயையோ! எழுதியிருக்கே டீச்சர்!"

"எழுதியிருக்கு. சரிபார்க்கச் சொல்லலையே. இந்த மொழியில சோதனை நிலைன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ரெண்டுல வைக்கணும். இல்லேன்னா அது பார்க்காது."

அவருடைய புரொசீஜரைத் திறந்து, கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"போட்டா தப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கு."

"சோதனையைப் போடறதால தப்பு வராது சார். ஏற்கெனவே வந்திருந்தா இப்பத் தெரியும்."

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், அந்தரத்தில் தொங்கும் பெட்டி எம்மாத்திரம்? சாமி பேரைச் சொல்லிக்கொண்டே சோதனையைப் போட்டார். இன்றைய காற்றின் வேகத்தைக் கொடுத்தார்.

ஓட்டம் நின்றது. திரையில் சிவப்பெழுத்து: நேர் எண் தருவதாகச் சொன்னது, தந்தது மைனஸ் மூன்று.

போனைத் தேடி எடுப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சார், உங்க வீட்டம்மா இப்பத்தான் ஏறி உக்காந்தாங்க" என்றான் மேல் ஸ்டேஷன் ஆள்.

"இறக்குய்யா! எல்லாரையும் இறக்கு! படியில நடந்து வரட்டும்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"காலையிலேருந்து இதே காத்துலதான ஓடுச்சு டீச்சர். எத்தனை சனம் போச்சு, வந்துச்சு..."

"ஆமா சார்" என்றாள் எழிலி. "ஒரு தரம்கூட நிக்கலை."