மீன் மலிந்த கோடை

அல்லிக்குளத்தங்கரையில் அறிவாளி என்றால் கலைமணி மைனாதான். சந்தேகம் இருந்தால் அவளையே கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவாள்!

அந்தக் கரையில் தினமும் காலையில் பண்டமாற்றுச் சந்தை கூடும். கரடி சடையன் தேனடை கொண்டுவருவான். நீர்நாய் பூங்கொடி மீன் கொண்டுவருவாள். ஒரு தேனடைக்கு எவ்வளவு மீன் என்று பேரம் சூடு பறக்கும். மருதமரக் கிளையில் இருந்தபடி கலைமணி எல்லாவற்றையும் கவனிப்பாள்.

மழைக்காலம் முழுக்கக் கவனித்து ஒரு விதி கண்டுபிடித்தாள். ஒரு தேனடைக்கு நிறைய மீன் கிடைத்தால் குளம் செழிப்பாக இருக்கிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் பஞ்சம் வரப்போகிறது. சொன்னதெல்லாம் அப்படியே பலித்தது. கலைமணிக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை வந்தது. பூங்கொடி குட்டி போட்டிருந்தாள். குளம் வற்றினால் ஆற்றுக்குத்தான் போகவேண்டும்; அதற்கு ஒரு பெரிய பாறைக்காட்டைத் தாண்டவேண்டும். வெயில் முற்றிவிட்டால் குட்டிகளின் பாதம் தாங்காது.

"மைனாக்கா, இப்பவே ஆத்துப் பக்கம் போயிடலாமான்னு பார்க்கிறேன்" என்றாள் பூங்கொடி.

"அடி பைத்தியமே! இன்னைக்கு ஒரு தேனடைக்கு மீனை அள்ளி அள்ளிக் கொடுத்தியே! குளம் செழிப்பா இருக்குன்னு அர்த்தம். பேசாம இரு!"

"நீங்க சொன்னா சரிதான்க்கா!" பூங்கொடி தங்கிவிட்டாள்.

மறுநாள் கலைமணி குளிக்கப் போனாள். வழக்கமாக அவள் நின்று குளிக்கும் கல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கோ தள்ளிப் போயிருந்தது. நடுவில் மிஞ்சிய குட்டையில் மீன்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மீன் பெருகவில்லை! தண்ணீர் வற்றியதால் சுலபமாகச் சிக்குகிறது! மழையில் செழிப்பைக் காட்டிய அதே அடையாளம் கோடையில் பஞ்சத்தைக் காட்டுகிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல பெயராவது மிஞ்சும். ஆனால் பூங்கொடியின் குட்டிகள்? வெட்கம் பிடுங்கித் தின்ன, கலைமணி சந்தைக்குப் பறந்தாள்.

"பூங்கொடி, கிளம்பு! நான் சொன்னது தப்பு!"

சடையன் வயிறு குலுங்கச் சிரித்தான். "நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா? நல்லா இருக்கு தாயி உன் அறிவு!"

கலைமணி சிறகைச் சிலிர்த்துக்கொண்டாள். "ஆமாய்யா, மாத்தித்தான் சொல்றேன்! என் விதி மழைக்காலத்துல பொறந்தது. அதுக்குக் கோடையைத் தெரியாது. எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகும் பழசையே சொன்னா, அதுதான்யா கேவலம்!"

பூங்கொடி உடனே கிளம்பத் தயாரானாள். வெயில் தாழ்ந்ததும் குட்டிகளை நடத்திக்கொண்டு பாறைக்காட்டைத் தாண்டினாள். கடைசிக் குட்டி ஆற்றில் இறங்கும்வரை கலைமணி கூடவே பறந்தாள்.

சீக்கிரமே குளம் பாளம் பாளமாக வெடித்தது. சடையனும் தேனடையோடு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தான்.

"இங்கேயும் உன் விதி செல்லுமா தாயி?" இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

கலைமணி கழுத்தை நிமிர்த்தினாள். எல்லாம் பலித்த நாளில்கூட அவளுக்கு இத்தனை பெருமையாக இருந்ததில்லை.

"தெரியாது! இந்த ஆத்தோட ஒரு மழையையும் ஒரு கோடையையும் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் காத்திரு!"

ஒரு காலத்தில் கண்ட உண்மையே எக்காலத்துக்கும் போதும் என்று இருந்துவிடாமல், காலம் மாறும்போது மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் அறிவுக்குப் பெருமை.