ஏழாவது கிரீனில் குழி

"மேடம், நடுவுல ஒரு காலடி படாமப் பார்த்துக்கறேன். அப்புறமும் என் கிரீன் ஏன் சாகுது?"

போஜன் மேடத்தின் அறை வாசலில் நின்று கேட்டார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானம். அதில் ஏழாவது கிரீன் அவர் பொறுப்பு. கொடி நட்ட குழியும், அதைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்வட்டமும். மழைக்காலம் வருவதற்குள் அது தேறாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மைதானம் முழுவதையும் கவனிக்கும் மெஹர் மேடம் சொல்லிவிட்டார்.

மேடம் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் புல் விஷயத்தில் அவர்தான் குரு. அடேயப்பா, அந்த அம்மா குனிந்து ஒரு தடவை புல்லைத் தடவினால் போதும், நேற்று தண்ணீர் விட்டது யார் என்றே சொல்லிவிடுவார்!

வந்தார். பார்த்தார். நடுவில் புல் செழித்துக் கிடந்தது. கிழக்கு ஓரம் மட்டும் வழுக்கை.

"குழி எத்தனை நாளா இந்த ஓரத்துலேயே இருக்கு?"

"மூணு வாரமா. ஆடறவங்க குழியைச் சுத்தித்தானே மிதிக்கறாங்க? அதான் நடுவைக் காப்பாத்தலாம்னு..."

"மத்தவங்க எல்லாம் தினமும் இடம் மாத்தறாங்களே, போஜண்ணா?"

"அவங்க மாத்தட்டும். இது நான் புள்ளை மாதிரி வளர்த்த புல்லு மேடம்."

மேடம் குழி வெட்டும் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு நேரே நடுவுக்குப் போனார்.

"ஐயோ, அங்க வேண்டாம் மேடம்!"

திருகி இறக்கினார். புல்லும் வேரும் மண்ணுமாக ஒரு துண்டு வெளியே வந்தது. போஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேடம் துண்டை அவர் கையில் வைத்தார். ஓரத்தில் இருந்த பழைய குழியைக் காட்டினார்.

போஜன் மண்டியிட்டு அதைக் குழிக்குள் இறக்கினார். உள்ளங்கையால் அழுத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த வழுக்கை முழுக்க உயிரோடு இருந்த பச்சை அது ஒன்றுதான். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அதற்குள் கொடி நடுவுக்குப் போய்விட்டது. காலையின் முதல் ஆட்டக்காரர்கள் அங்கேயே மிதித்துக்கொண்டு நின்றார்கள். 

அவர்கள் போன பிறகுதான் போஜன் கேட்டார்.

"மேடம், நாளைக்குக் குழியை எங்க வெட்டட்டும்?"

"எங்க வெட்ட உங்களுக்கு மனசு வரலையோ, அங்க."