முறை வராத ராஜா

"எதிராளியின் கையும் ஆடணும், இல்லேன்னா அது..." என்று சீட்டைக் கலைத்தபடியே எங்கள் பெரியப்பா ஏதோ சொல்வார். பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. கூடவே சொன்ன கதை மறக்கவில்லை.

ரொம்ப காலத்துக்கு முன்பு மணற்குடி நாட்டைக் கொற்றமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். அந்த நாட்டுச் சீட்டாட்டமே தனி. புலி, பீரங்கி, வைத்தியர் என்று விதவிதமான சீட்டுகளில் அவரவருக்குப் பிடித்ததைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து, மாறி மாறி இறக்கி, எதிராளியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும்.

அரசவையில் இளஞ்சிங்கராயர் என்று ஒருவர். ராஜா தும்மினால் அது என்ன ராகம் என்று சொல்கிறவர். அமைச்சர் வெண்காடரைக் கண்டால் அவருக்கு ஆகாது. ராயர் ராஜாவின் படம் போட்டுப் புதுச் சீட்டு ஒன்று செய்தார்.

"இதை எந்தச் சீட்டோடும் சேர்த்து இறக்கலாம். இறக்கினால் எதிராளி கைகூப்ப வேண்டும். அந்த முறை அவர் ஆடக்கூடாது. மகாராஜா கீழே கிடக்கலாமா? அதனால் சீட்டு இறக்கியவர் கைக்கே திரும்பிவிடும். கையில் வைத்துக்கொண்டு இறக்காவிட்டால் ராஜ அவமதிப்பு!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அடுத்த திருவிழாவுக்குள் ஆட்ட மண்டபம் காலி. முதலில் தொடங்கியவர் அந்தச் சீட்டை இறக்கிக்கொண்டே இருப்பார், மற்றவர் கும்பிட்டுக்கொண்டே இருப்பார். "கும்பிடத்தான் என்றால் கோயிலுக்குப் போகமாட்டோமா?" என்றது ஊர்.

"ஏன் ஒருவரும் வருவதில்லை?" என்று ராஜா கேட்டான்.

"ஒரு சீட்டை விலக்கினால் வருவார்கள் மகாராஜா. தங்கள் சீட்டை" என்றார் வெண்காடர்.

ராயர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா! மன்னரையே விலக்கச் சொல்கிறார்!"

ராஜாவின் மீசை துடித்தது. "பலமான சீட்டு என்பதற்காக விலக்குவதா? புலிக்குப் பலமில்லையா?"

"புலிக்கு எதிரே பீரங்கி இருக்கிறது. இதற்கு எதிரே ஒன்றுமே இல்லை."

"நிரூபியும். இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போம்."

"அப்படியானால் ராயரோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள். விருந்தாளிதானே முதலில் தொடங்குவது நம் வழக்கம்? அரண்மனையில் ராயர்தான் விருந்தாளி, அவரே தொடங்கட்டும்."

ராயருக்கு வியர்த்தது. சீட்டை இறக்கினால் ராஜா கும்பிட வேண்டும், இறக்காவிட்டால் அவமதிப்பு. வேறு வழியில்லாமல் இறக்கினார்.

"மகாராஜா, கைகூப்ப வேண்டும்" என்றார் வெண்காடர்.

"என்னை நானேயா?"

"விதி ராயருடையது."

ராஜா தன் படத்தைத் தானே கும்பிட்டான். மறுபடி இறங்கியது. மறுபடி கும்பிட்டான். சமையற்கட்டிலிருந்து புளியோதரை வாசம் வந்தது. ஆட்டம் முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. ராயரோ ராஜாவைத் தோற்கடிக்கப் பயந்து, கூடச் சேர்த்து, கோட்டையைத் தாக்காத வைத்தியர் சீட்டுகளாகவே இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஓய் ராயரே, என்னைத் தோற்கடித்தாவது தொலையும்!"

"ஐயையோ, அடியேன் அந்தப் பாவத்தைச் செய்வேனா?"

"வெண்காடரே, என் கையில் அருமையான பீரங்கி இருக்கிறது. இறக்கத்தான் முறை வரமாட்டேன் என்கிறது!"

"ஊரும் அதைத்தான் சொல்கிறது மகாராஜா."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. முதலில் சிரித்தது ராஜாதான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டான். பிறகு தன் சீட்டை ஆட்டத்திலிருந்து விலக்கினான். இனிமேல் புதுச் சீட்டு செய்கிறவர் யாரானாலும், முதலில் அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒரு முழு ஆட்டம் ஆட வேண்டும் என்றும், சாப்பாடு முடிந்ததும் முதல் ஆளாக ராயரே தான் செய்த சீட்டுக்கு எதிரே உட்கார வேண்டும் என்றும் உத்தரவிட்டான்.