இடம் மாறிய வாள்கள்

இந்தக் கதையைக் கேட்டு முடிப்பவர் தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும்.

பேராசிரியர் கோமளவல்லி, சோங் அரச வம்சக் காலத்துச் சீனப் படைகளைப் பற்றி வண்ணப் படங்களோடு தமிழில் ஒரு நூல் எழுதினார். படங்களை வரைந்தவர் சவரிமுத்து. ஒரு கவசத்தின் தகடுகளைச் சரியாக அடுக்கிக் காட்டவே இரண்டு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர். பக்கங்களை வடிவமைத்தது பதிப்பகத்தில் வேலை பார்த்த பர்வீன். ஓவியரைக் கேட்காமல் படத்தில் கை வைத்தால் வேலை போய்விடும் என்பது அந்தப் பதிப்பகத்தின் விதி.

நூல் அச்சுக்குப் போகும் நாளில், குதிரைப்படைப் படம் கோமளவல்லியின் கண்ணை உறுத்தியது. வீரர்கள் எல்லாரும் பக்கத்திலிருந்த எழுத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"படத்தை இடவலமா திருப்பிப் போட்டுடும்மா."

"ஓவியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா மேடம்?"

"அதுக்கெல்லாம் நேரமில்லை. நான் சொல்றேன்ல?"

பர்வீன் திருப்பினாள்.

வெளியீட்டு விழா எழும்பூரில் நடந்தது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த சீனர், பல் மருத்துவர் லியூ, நூலைப் புரட்டிவிட்டு எழுந்தார். "இடப்பக்கம் இருக்க வேண்டிய வாள் எல்லா வீரருக்கும் வலப்பக்கம் தொங்குதே! கொடியில இருக்கிற எழுத்துகூடக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இருக்கு. எப்படிங்க?"

அரங்கமே கோமளவல்லியைப் பார்த்தது.

"நான் எழுதினதுல பிழை இல்லை. படத்தைப் பத்தி ஓவியரைத்தான்..." என்று சொல்லும்போதே அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆனாலும், "கேக்கணும்" என்று முடித்துவிட்டார்.

கடைசி வரிசையில் பர்வீன் வெளிறிப்போய்த் தலையைக் குனித்துக்கொண்டாள். சவரிமுத்து படத்தைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். பாவம், கை தவறிச் செய்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டார். எழுந்து, "என் கவனக்குறைவுதாங்க. மன்னிக்கணும்" என்றார். யாரோ சிரித்தார்கள். இரண்டாம் தொகுதிக்கு வேறு ஓவியரைப் பார்க்கப்போவதாகப் பதிப்பாளர் அங்கேயே சொல்லிவிட்டார்.

வாசலில் சவரிமுத்து கோமளவல்லியிடம் வந்தார். "உங்க புத்தகத்துக்கு என்னால கெட்ட பேர் வந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று கைகூப்பினார். கோமளவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவசரமாகக் காரில் ஏறிக்கொண்டார்.

அன்று மூவருமே உண்மையைச் சொல்லவில்லை. மூவரில் யார் சொல்லாமல் விட்டது பெரிய குற்றம்?

விடை: சவரிமுத்து சொன்னது பொய்தான், அதன் நட்டத்தை அவரே ஏற்றார். பர்வீன் வேலைக்குப் பயந்தாள். ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டிருந்தாள். கோமளவல்லிக்குப் போகக்கூடியது ஒரு மாலையின் மரியாதை மட்டுமே. அதைக் காப்பாற்ற அடுத்தவர் பெயரைக் கெடுத்தார். குற்றம் அவருடையது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. திருப்பச் சொன்னதும், ஓவியரைக் கேட்க விடாமல் தடுத்ததும் தான்தான் என்று மறுநாளே பதிப்பாளருக்கு எழுதினார். பர்வீனின் வேலை போகவில்லை. இரண்டாம் தொகுதி சவரிமுத்துவுக்கே வந்தது. அவரிடம் மட்டும் கோமளவல்லி நேரில் போய்ச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "நீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்" என்று சொல்லத்தான் முடிந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.